நண்பர்களோடு சேர்ந்து விவசாயம் பார்க்க எந்த கேம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுடுவதும் வெட்டுவதும் அலுத்துப்போய், நாலு நண்பர்கள் ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, மீன் பிடித்து, வீடு கட்டி விளையாட ஏதாவது கேம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் சொந்த விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும்.

நிதானமான கேம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லா கேமும் விளம்பரத்தில் அப்படித்தானே சொல்லிக்கொள்கிறது?

படம் அழகாக இருக்கிறதா, பாட்டு மெதுவாக ஓடுகிறதா என்று பார்த்து ஏமாற வேண்டாம். கூட்டாக விளையாடும்போது நிம்மதியைக் கெடுப்பவை வேறு. அந்த உலகத்துக் கடிகாரத்தை யாராவது நிறுத்த முடியுமா? காசு பொதுவா, தனித்தனியா? அந்த உலகம் யாருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது? வாங்குவதற்கு முன் இந்த மூன்றையும் விசாரித்துவிடுங்கள். தனியாக ஆடும்போது தாலாட்டுப் போல இருக்கும் கேம்கூட, நாலு பேர் சேர்ந்ததும் அலுவலக டெட்லைன் போல ஆகிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

யாரைக் கேட்டாலும் ஸ்டார்டியூ வேலி என்கிறார்கள். அப்படி என்ன அதில்?

நகரத்து அலுவலக வேலையை விட்டுவிட்டு, தாத்தா விட்டுப்போன பாழடைந்த தோட்டத்துக்குப் போகிறீர்கள். கல், கட்டை, புல் எல்லாம் அகற்றி, பார்ஸ்னிப் என்ற கிழங்கின் விதையில் தொடங்குகிறீர்கள். மாடு, கோழி, தேனீப் பெட்டி, சுரங்கம், மீன், ஊர்த் திருவிழா, ஊர்க்காரர்களோடு பழக்கம், கல்யாணம் வரை போகும். எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் ஒற்றை ஆளாக நாலரை ஆண்டு உட்கார்ந்து நிரல், படம், இசை, கதை எல்லாவற்றையும் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். 2024 இறுதிக்குள் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தது.

இந்த வகைக்கு மூலம் ஜப்பானில் இருக்கிறது. யாசுஹிரோ வாடா என்பவர் உருவாக்கி 1996-இல் வந்த ஹார்வெஸ்ட் மூன்தான் வாத்தியார். அந்த வரிசையில் பிறகு வந்த கேம்கள் தனக்குத் திருப்தி தரவில்லை என்பதால்தான் பரோன் தன் கேமையே தொடங்கினார்.

கூட்டாக ஆடும் வசதி முதலில் இல்லை. கம்ப்யூட்டருக்கு 2018 ஆகஸ்டில் வந்தது. ஒரே திரையைப் பிரித்துக்கொண்டு ஆடும் வசதி 2020 டிசம்பரில் வந்தது. 2024-இல் வந்த 1.6 பதிப்பிலிருந்து கம்ப்யூட்டரில் 8 பேர் வரை ஒரே தோட்டத்தில் இருக்கலாம். என்னைக் கேட்டால் மூன்று நாலு பேர்தான் சரி. எட்டுப் பேர் இறங்கினால் மதியத்துக்குள் செய்ய வேலை இருக்காது.

ஆனால் ஸ்டார்டியூவில் எங்களுக்கு டென்ஷன்தான் ஏறுகிறது. நாங்கள் தப்பாக விளையாடுகிறோமா?

இல்லை, அது கடிகாரத்தின் வேலை. அந்த ஊரில் 10 நிமிடம் என்பது நமக்கு 7 விநாடி. காலை 6 மணிக்கு எழுந்து, அதிகாலை 2 மணிக்குள் படுத்தாக வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு நாள் சுமார் 14 நிமிடம். தனியாக ஆடும்போது பையைத் திறந்தாலே நேரம் நின்றுவிடும், யோசிக்கலாம். கூட்டாக ஆடும்போது நீங்கள் பையைத் திறந்தாலும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டியில் எதை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்துவிடும். எல்லோரும் படுத்தால்தான் நாள் முடியும் என்பதால், சுரங்கத்தில் இருப்பவருக்காக மூன்று பேர் கட்டிலில் காத்திருப்பதும் நடக்கும்.

இதற்கு வழிகள் உண்டு. தோட்டத்தை நடத்துபவர், அதாவது ஹோஸ்ட், அரட்டைப் பெட்டியில் சாய்கோடு போட்டு பாஸ் (/pause) கட்டளையைத் தட்டினால் எல்லோருக்கும் நேரம் நிற்கும். யாராவது டீ போடப் போனாலோ, அம்மா கூப்பிட்டாலோ இது போதும். அடுத்து, தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரைச் சீக்கிரம் செய்துவிடுங்கள். தினமும் காலையில் வாளி தூக்கும் வேலை போய்விட்டால் பாதி அவசரம் தானாகவே குறையும். மூன்றாவது, மனத்தளவில் ஒரு முடிவு: முதல் வருடத்திலேயே, பொருள்கள் சேர்த்துக் கொடுத்துப் புதுப்பிக்கும் ஊர்ச் சமூக மையத்தை முடித்தாக வேண்டும் என்று இணையத்தில் பார்த்த திட்டத்தை நண்பர்கள்மீது திணிக்காதீர்கள். ஒரு பருவத்துக்கு 28 நாள், நாலு பருவம். இந்த வருடம் தவறிய பயிர் அடுத்த வருடம் வரும்.

காசு விஷயத்தில் சண்டை வராமல் இருக்க?

விதைக்கு வைத்திருந்த பணத்தில் ஒருவர் தொப்பி வாங்கிவிடுவார். ஸ்டார்டியூவில் தோட்டம் தொடங்கும்போதே பணப்பை பொதுவா, தனித்தனியா என்று தேர்ந்தெடுக்கலாம், பிறகு மேயர் வீட்டில் போய் மாற்றிக்கொள்ளவும் முடியும். நன்றாகப் பழகியவர்கள் என்றால் பொதுவாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பொருள் வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். அறிமுகம் குறைந்தவர்கள் என்றால் தனித்தனி. நாலு பேருக்கென்றே நிலத்தை நாலாகப் பிரித்த தோட்ட வரைபடமும் அதில் உண்டு. பாகப்பிரிவினை முதலிலேயே முடிந்துவிடும்.

நாலு பேர் உழைப்பதால் பணம் மளமளவென்று சேர்ந்து கேம் சப்பென்று ஆகிவிடுவதும் உண்டு. லாப அளவை 75, 50, 25 சதவீதமாகக் குறைக்கும் வசதி தொடக்கத் திரையிலேயே இருக்கிறது. மூன்று பேருக்கு மேல் என்றால் 75-இல் வைத்துப் பாருங்கள்.

ஹோஸ்ட் வராத நாளில் மற்றவர்களால் விளையாட முடியவில்லை. இதற்கு என்ன செய்வது?

இதுதான் மூன்றாவது கேள்வி, பலரும் தாமதமாக உணர்வது. ஸ்டார்டியூவில் தோட்டம் ஹோஸ்டின் கம்ப்யூட்டரில் சேமிக்கப்படுகிறது. அவர் உள்ளே வராமல் கதவு திறக்காது. ஹோஸ்ட் பொறுப்பை இன்னொருவருக்குக் கைமாற்ற கேமுக்குள் பொத்தானும் கிடையாது. ஆகவே யார் ஹோஸ்ட் என்பதை நல்ல கம்ப்யூட்டர் வைத்திருப்பவரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாரம் தவறாமல் வருபவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரவு ஷிஃப்டில் வேலை செய்பவரையும், கைக்குழந்தை வைத்திருப்பவரையும் ஹோஸ்ட் ஆக்குவது அவர்களுக்கும் கொடுமை.

குழுவில் எல்லோருக்கும் நேரம் ஒத்துவராது என்றால், எப்போதும் திறந்திருக்கும் சர்வர் போடக்கூடிய கேம்களுக்குப் போவதே நல்லது. கோர் கீப்பரும் மைன்கிராஃப்டும் அந்த வகை.

கோர் கீப்பர் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். 2022 மார்ச்சில் முன்னோட்டமாக வந்து, 2024 ஆகஸ்டில் முழுமை அடைந்தது. 8 பேர் வரை ஆடலாம். எல்லாம் பூமிக்கு அடியில். இருட்டில் விளக்கு வைத்து, மண்ணைக் குடைந்து, வழி கண்டுபிடித்து, நடுவில் ஒரு குடியிருப்பு அமைக்கிறீர்கள். பயிர் வைக்கலாம், மாடு வளர்க்கலாம், மீன் பிடிக்கலாம். சமையலில் ஏதாவது இரண்டு பொருளைச் சேர்த்து என்ன வருகிறது என்று பார்ப்பதே தனி விளையாட்டு. எதைச் செய்கிறீர்களோ அதில் கை தேறும்: தோட்டம் போடுபவருக்குத் தோட்டத் திறன், தோண்டுபவருக்குத் தோண்டும் திறன். இதனால் வேலைப் பங்கீடு சண்டையில்லாமல் தானாக அமைகிறது. சர்வர் மென்பொருள், கம்ப்யூட்டர் கேம் விற்கும் தளமான ஸ்டீமில் இலவசம், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரிலும் ஓட்டிப் பார்க்கலாம். குறை ஒன்று உண்டு. பெரிய பெரிய ஜந்துக்களோடு சண்டை போட்டால்தான் புதிய பகுதிகள் திறக்கும். சண்டை பிடித்தவர் ஒருவர் குழுவில் இருந்தால் அவரை முன்னால் அனுப்பிவிட்டு மற்றவர்கள் கத்திரிக்காய் வேலையைப் பார்க்கலாம்.

ஒருவரிடம் போன், ஒருவரிடம் லேப்டாப், ஒருவரிடம் கன்சோல். எல்லோரும் சேர்ந்து ஆட ஏதாவது?

மைன்கிராஃப்ட். கட்டம் கட்டமான உலகில் தோண்டி, வீடு கட்டி, பயிர் வைத்து ஆடுவது. வாங்கும்போது பெட்ராக் பதிப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போன், விண்டோஸ், கன்சோல் எல்லாவற்றிலும் பெட்ராக் ஓடும், ஒன்றோடொன்று சேரும். ஜாவா பதிப்பு கம்ப்யூட்டருக்கு மட்டும், அது ஜாவாக்காரர்களோடுதான் பேசும். ஒரே வீட்டில், ஒரே வைஃபையில் இருந்தால் சர்வரும் தேவையில்லை. வெளியூர் நண்பர்கள் என்றால், மாதச் சந்தாவில் கிடைக்கும் ரெல்ம்ஸ் ப்ளஸ் என்ற வாடகை சர்வர் எடுத்தால் உரிமையாளரைத் தவிர ஒரே நேரத்தில் 10 பேர் வரை உள்ளே இருக்கலாம். சந்தா ஒருவர் கட்டினால் போதும்.

மைன்கிராஃப்டை நிதானமாக்க அமைப்பில் பீஸ்ஃபுல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ராத்திரி பேய் பிசாசு எதுவும் வராது, பசியும் எடுக்காது. ஆனால் பசியில்லாத ஊரில் பயிர் எதற்கு என்ற கேள்வி சீக்கிரமே வரும். எனக்குப் பிடித்தது, எளிய நிலையில் வைத்துவிட்டு, செத்தாலும் கையில் இருக்கும் பொருள் போகாது என்ற விதியை இயக்கிவிடுவது. பயம் கொஞ்சம் இருக்கும், நஷ்டம் இருக்காது.

விவசாயம் என்று பார்த்தால் அதன் பாசனக் கணக்கு அழகானது. தண்ணீர் இருக்கும் கட்டத்திலிருந்து நாலா பக்கமும் 4 கட்டம் வரை மண் ஈரமாகும். ஆக 9-க்கு 9 வயலின் நடுவில் ஒரே ஒரு குழி தண்ணீர் வைத்தால் சுற்றி 80 கட்டமும் பயிர் ஏறும்.

லேப்டாப் நண்பரோடு சேரலாம் என்று நம்பி ஸ்டார்டியூவை போனில் வாங்காதீர்கள். கம்ப்யூட்டரும் கன்சோலும்கூட அதில் சேராது. பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர்.

எங்களில் ஒருவர் மட்டும் வாங்கினால் போதுமா?

ஸ்டீமில் ரிமோட் ப்ளே டுகெதர் என்று ஒரு வசதி 2019 முதல் இருக்கிறது. ஒரே திரையில் பலர் ஆடக்கூடிய கேம் எதுவானாலும், ஒருவர் வாங்கியிருந்தால் போதும், நண்பர் தன் வீட்டிலிருந்தே சேரலாம். கேம் ஓடுவது வாங்கியவரின் கம்ப்யூட்டரில், நண்பருக்குப் போவது காணொளி மட்டும். ஆகவே வாங்கியவரின் இணைய இணைப்பில் அப்லோட் வேகம் நன்றாக இருக்க வேண்டும். ஸ்டார்டியூவின் பிரித்த திரையோடு இது வேலை செய்யும். எழுத்துகள் சிறிதாகத் தெரியும், கண் வலிக்கும். சோதித்துப் பார்க்க நல்ல வழி, நூறு மணி நேரம் ஆட ஏற்றதல்ல.

முழு இலவசம் வேண்டும் என்றால் பாலியா. நகரம், வயல், சமையல், மீன், தச்சு எல்லாம் உண்டு. ஒரே கனிமப் பாறையை இரண்டு பேர் சேர்ந்து உடைத்தால் இருவருக்கும் கிடைக்கும் என்பதால் அங்கே முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டுவார்கள். சில மந்திர மரங்களை ஆள் சேர்த்துத்தான் வெட்ட முடியும். அங்கே ஒரு நாள் நமக்கு ஒரு மணி நேரம். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மனை, நண்பர் வந்து போகலாமே தவிர எல்லோருக்கும் பொதுவான ஒரே தோட்டம் கிடையாது. கூட்டுக் குடும்பமாக ஆட நினைப்பவர்களுக்கு அது குறைதான்.

நெல் நடும் கேம் உண்டா?

இதை நம்மவர்கள்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன், எல்லா நாட்டிலும் கேட்டிருக்கிறார்கள் போல. 2024 நவம்பரில் வந்த ஃபார்மிங் சிமுலேட்டர் 25-இல் முதன்முறையாக நெல்லும் எருமையும் வந்தன. வயலுக்கு வரப்புக் கட்டி, தண்ணீர் பாய்ச்சி, இயந்திரத்தில் நாற்று நடலாம். தண்ணீர் நிற்காத வயலில் விதைக்கும் நீள அரிசி ரகம் தனியாக உண்டு. அதற்கேற்ற ஆசிய நிலப்பரப்பு ஒன்றும் இருக்கிறது. இதைச் செய்வது சுவிட்சர்லாந்து நிறுவனம் என்பதுதான் வேடிக்கை.

இது ஸ்டார்டியூ மாதிரி இருக்காது. கதை கிடையாது, காதல் கிடையாது. டிராக்டர், கலப்பை, அறுவடை இயந்திரம், கடன், விற்பனை. ஒருவர் அறுக்க, ஒருவர் டிரெய்லரைப் பக்கத்திலேயே ஓட்டிவந்து தானியத்தை வாங்கிக்கொள்ள, மூன்றாமவர் வைக்கோல் கட்ட, பேசிக்கொண்டே இரண்டு மணி நேரம் போய்விடும். கை வேலையில் இருக்க, வாய் ஊர்க்கதை பேசும். எனக்கு இதைவிட நிதானமான கேம் தெரியவில்லை. கொஞ்சம் வலுவான கம்ப்யூட்டர் வேண்டும் என்பதுதான் தடை.

ஜப்பானிய நெல் சாகுபடியை நாற்றங்கால் முதல் உமி நீக்குவது வரை காட்டும் சகுனா என்ற கேம் 2020-இல் வந்தது. அருமையானது, ஆனால் ஒரே ஆள் ஆடுவது.

ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் டொரன்டோவில். நேரமே ஒத்துவரவில்லை.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டரை மணி நேரம்தான், சமாளிக்கலாம். டொரன்டோ சேர்ந்தால் கோடையில் ஒன்பதரை, குளிரில் பத்தரை மணி நேர வித்தியாசம். சனி, ஞாயிறு நம் மாலை ஏழு மணி அவர்களுக்குக் காலை, அது ஒன்றுதான் வழி.

வார நாள்களில் ஒருவர் விட்டதை இன்னொருவர் தொடரும்படி வைத்துக்கொள்ளுங்கள். திறந்த சர்வரில் மைன்கிராஃப்டோ கோர் கீப்பரோ என்றால், உள்ளேயே பலகை வைத்துச் செய்தி எழுதிவிட்டுப் போகலாம்: "வடக்கு வயல் அறுத்தாச்சு, விதை இரண்டாவது பெட்டியில்." காலையில் எழுந்து அதைப் படித்துவிட்டு, ராத்திரிக்குள் யாரோ ஒரு பாலமே கட்டியிருப்பதைப் பார்ப்பது, சேர்ந்து ஆடுவதற்குக் குறைந்ததல்ல.

போன் மட்டும் போதும் என்றால் ஹே டே. 2012 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது, இலவசம். கோதுமை 2 நிமிடத்தில் விளையும், மற்றவை மணிக்கணக்கில். 30 பேர் வரை ஒரு அக்கம்பக்கமாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொருள் கொடுத்து உதவலாம். ஒரே நேரத்தில் இருக்கவே வேண்டாம். காத்திருப்பைக் காசு கொடுத்துக் குறைக்கச் சொல்லி நச்சரிக்கும், காது கொடுக்காதீர்கள்.

அனிமல் கிராசிங் வாங்கலாமா?

நின்டெண்டோ ஸ்விட்ச் ஏற்கனவே இருந்தால் வாங்கலாம், இதற்காகவே கன்சோல் வாங்க வேண்டாம். ஒரு தீவில் குடியேறி வாழும் கேம் அது. நிஜ நேரமே அதன் நேரம், ஆகவே அவசரம் என்பதே கிடையாது. ஆனால் ஒரு கன்சோலுக்கு ஒரே தீவு. ஒரே வீட்டில் இரண்டு பேர் என்றால் இருவரும் அதே தீவில்தான் குடியிருக்க வேண்டும், அதில் முதலில் குடியேறியவர் கைதான் ஓங்கி இருக்கும். அண்ணன் தங்கை இருக்கும் வீடுகளில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். இணையம் வழியாக நண்பர் தீவுக்குப் போக ஆன்லைன் சந்தாவும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டர்னிப் வாங்கி, எந்த நண்பர் தீவில் விலை ஏறியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் விசாரித்து ஓடுவதுதான் அதில் கூட்டாக ஆடும் பெரிய இன்பம்.

பழைய லேப்டாப். கிராபிக்ஸ் கார்டெல்லாம் இல்லை.

ஸ்டார்டியூ. 2 ஜிபி ரேம், 500 எம்பி இடம் போதும் என்று அவர்களே சொல்கிறார்கள். தோண்டிக் கட்டி ஆடும் டெரேரியா என்ற கேமும் ஓடும், அதில் ஜர்னி என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் நேரத்தையே நிறுத்தலாம், எதிரிகளின் வலுவையும் குறைக்கலாம். குழுவில் எல்லோருமே ஜர்னி வகைப் பாத்திரம் உருவாக்கியிருந்தால்தான் அந்த உலகத்தில் சேர முடியும்.

குழந்தைகள் ரோப்லாக்ஸில் குரோ எ கார்டன் ஆடுகிறார்கள். நாமும் சேரலாமா?

தாராளமாக. 2025-இல் வந்தது, அந்த ஜூனில் ஒரே நேரத்தில் 2 கோடிப் பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள். விதை வாங்கி நட்டுவிட்டுப் போனால், நீங்கள் இல்லாதபோதும் வளரும். ஆனால் காசு கொடுத்து அடுத்தவர் தோட்டத்தில் பறித்துக்கொள்ளும் வசதியும், என்ன வரும் என்று தெரியாமல் வாங்கும் முட்டைகளும் அதில் உண்டு. பெற்றோர் கட்டுப்பாட்டில் செலவு வரம்பையும், அரட்டை அனுமதியையும் முதலில் சரிசெய்துவிட்டுக் குழந்தையோடு உட்காருங்கள்.

தமிழில் ஆடக்கூடியது எது?

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. ஆர்வலர்கள் சேர்ந்து மொழிபெயர்த்தது. ஸ்டார்டியூவில் அதிகாரபூர்வமாகத் தமிழ் இல்லை. அதில் ஊர்க்காரர்கள் பேச்சு நிறைய, ஆங்கிலம் சரளமாக வராத நண்பர் இருந்தால் யாராவது படித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு நண்பர் மட்டும் எங்களை விட்டுவிட்டு ராத்திரி முழுக்க ஆடி எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்.

எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. அவருக்குத் தனியாக ஒரு உலகம் தொடங்கிக் கொடுங்கள். பொது உலகம் எல்லோரும் இருக்கும்போது மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் ஸ்டார்டியூவின் ஹோஸ்ட் பூட்டு வசதியாகவே போய்விடும். அந்த நண்பரே ஹோஸ்டாக இல்லாதவரை.

வாங்கிய பிறகு பிடிக்கவில்லை என்றால்?

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நாலு பேரும் ஒரே நாளில் வாங்கி, முதல் ஒன்றரை மணி நேரம் சேர்ந்து ஆடிப் பார்த்துவிட்டு அன்றைக்கே முடிவு செய்யுங்கள். பாத்திரத்துக்குத் தலைமுடி நிறம் தேர்ந்தெடுப்பதும் அந்த 2 மணி நேரக் கணக்கில்தான் சேரும். அவசரமில்லை என்றால் ஜூன் இறுதியில் தொடங்கும் கோடைத் தள்ளுபடிக்கோ, டிசம்பர் இறுதியின் குளிர்காலத் தள்ளுபடிக்கோ காத்திருங்கள். நான் சொன்னவற்றில் பல அப்போது விலை குறையும்.